ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-15: எது சுபாவம், எது கோளாறு?

ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-15, மொத்தமே 53 கார்கள்தான் செய்தார்கள். இதைப் படிப்பவர் யாருடைய வாசலிலாவது ஒன்று நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சேகரிப்பாளர் ஒருவரின் கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கும், பழைய பந்தயக் கார் பட்டறையில் தொழில் கற்கப் போனவர்களுக்கும் இந்த வண்டி ஒருநாள் முன்னால் வந்து நிற்கலாம். இங்கிலாந்தில் அப்படியொரு பட்டறையில் கொஞ்ச காலம் கை அழுக்கானவன் நான். அங்கே பார்த்ததையும், அதைவிட முக்கியமாகச் சொதப்பியதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வண்டி எந்தக் குலத்தில் பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1988 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவாரின் எக்ஸ்ஜேஆர்-9 வென்றது. 1957க்குப் பிறகு ஜாகுவாருக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி அது. பந்தயக் குழுவை நடத்திய டாம் வாக்கின்ஷாவுக்கு அப்போது ஒரு யோசனை: இதே காருக்கு நம்பர் பிளேட் மாட்டி விற்றால் என்ன? அப்படி, ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பிளாக்ஸம் என்ற ஊரில் உருவானதுதான் எக்ஸ்ஜேஆர்-15. 1990 நவம்பரில் சில்வர்ஸ்டோனில் அறிமுகமானது. உடலை வடிவமைத்தவர் பீட்டர் ஸ்டீவன்ஸ். வண்டியைத் தாங்கும் கூடும் (சேஸிஸ்) மேல்தோலும் கார்பன் ஃபைபர். எடை சுமார் 1,050 கிலோ, நம் ஊர்ச் சின்ன ஹேட்ச்பேக் ஒன்றின் எடைதான். அதன் முதுகில் 5,993 சிசி வி12, அதாவது வி வடிவில் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட இன்ஜின், 450 குதிரைத்திறன்.

1991இல் இந்தக் கார்களுக்கென்றே மொனாக்கோ, சில்வர்ஸ்டோன், ஸ்பா ஆகிய மூன்று இடங்களில் ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குத் துணைப் பந்தயம் நடத்தினார்கள். ஸ்பாவில் ஜெயித்தவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. ஆர்மின் ஹானே அதைத் தட்டிக்கொண்டு போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் முன்னால் நிற்கும் கார் மொனாக்கோ தடுப்புச் சுவரில் உரசிய காராகவும் இருக்கலாம், முப்பது வருடம் போர்வைக்குள் தூங்கிய காராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஸ்பானரைத் தொடுமுன் உரிமையாளரிடம் மூன்று கேள்விகள். கடைசியாக எப்போது ஓடியது? பிரச்சினை வரும்போது இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா? எந்த கியர்பாக்ஸ்? இவற்றுக்குப் பதில் வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உரிமையாளர்கள் குறை என்று சொல்வதில் பெரும்பகுதி குறையே அல்ல, பந்தயக் காரின் சுபாவம். நிஜமான கோளாறுகளோ பெரும்பாலும் ஓட்டியதால் வந்தவை அல்ல, ஓட்டாமல் வைத்ததால் வந்தவை.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பேட்டரியில் ஆரம்பியுங்கள். "விளக்கு எரிகிறதே" என்பார்கள். அது கணக்கில்லை. குளிர்ந்து கிடக்கும் ஆறு லிட்டர் வி12ஐச் சுற்றும்போது மின்னழுத்தம் சடாரென்று விழும். அந்த நேரத்தில் மீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் மற்ற எதையும் ஆராய வேண்டாம். இந்தக் காரின் பெட்ரோல் தெளிப்பை ஸைடெக் மின்னணுப் பெட்டி நடத்துகிறது. மின்னழுத்தம் சரிந்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்டி மட்டும் மயங்கிவிடும். நல்ல பேட்டரியைப் போட்டதும் "சரியாகிவிட்ட" கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்தது காது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா? இல்லையென்றால் ரிலே, ஃபியூஸ், பிறகு பம்ப் முனையில் மின்சாரம் வருகிறதா என்ற பார்வை. சத்தம் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் குழாயில் அழுத்தமானியை மாட்டுங்கள். பல மாதம் நின்ற வண்டியில் பம்ப் வெறும் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

அதுவும் சரி என்றால் மின் இணைப்பான்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, திரும்ப மாட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பலன் தருவது. பெட்டியையே கழற்றி எடுப்பது கடைசி முயற்சியாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதானால் காய்ந்துபோகும். அதைப் பழைய மின்னணுப் பலகைகளில் அனுபவம் உள்ளவர்தான் மாற்ற வேண்டும். இந்தத் தலைமுறைக் கார்களோடு பேசுவதற்கு அந்தக் காலத்து லேப்டாப்பே வேண்டியிருக்கும். இதே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த மெக்லாரன் எஃப்1 கார்களுக்காக, மெக்லாரன் பட்டறையிலேயே தொண்ணூறுகளின் காம்பாக் லேப்டாப்பைப் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தார்கள். எனவே காரோடு பழைய கணினி ஏதாவது வந்தால் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆயில் குறைந்திருக்கிறது, ஊற்றினேன், இப்போது புகைகிறது

இது என் சொந்தச் சொதப்பல். குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி. ஆயில் டேங்கில் அளவு பார்த்தேன், மிகக் குறைவு. நல்ல மனதோடு இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்து சூடேறியதும் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் கக்கியது, சைலன்சரில் நீலப் புகை. பக்கத்தில் நின்ற மூத்த மெக்கானிக் ஒரு வார்த்தை பேசவில்லை. காலி வாளியை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

நடந்தது இதுதான். இது டிரை சம்ப் முறை. ஆயில் இன்ஜினின் அடியில் தங்குவதில்லை. பம்புகள் அதை உறிஞ்சித் தனி டேங்குக்கு அனுப்பிவிடும். வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பேரிங்குகள் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக வந்த பந்தய ஏற்பாடு. வண்டி வாரக்கணக்கில் நின்றால் டேங்கில் இருக்கும் ஆயில் மெல்ல மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். அப்போது டேங்கில் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். ஆயில் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஸ்டார்ட் செய்து, ஆயில் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, அப்புறம் அளவு பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியென்றால் அதற்கும் முன்னால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றவிடுங்கள். முறைப்படி பார்த்த பிறகும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால்தான் கசிவையும் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

நின்றால் சூடேறுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். முதலில் பிரித்துப் பாருங்கள். ஓடும்போது முள் அமைதியாக இருந்து, சிக்னலில் நின்றதும் ஏறுகிறதா? அல்லது நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போதே ஏறுகிறதா?

நின்றால் மட்டும் ஏறுவது பாதி சுபாவம். வேகத்தில் காற்றை விழுங்குவதற்காகவே செய்த வண்டி நின்றால் மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனால் "அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடவும் கூடாது. விசிறி சுற்றுகிறதா, சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், வயரை மாற்றி மாட்டியதால் எதிர்த்திசையில் சுற்றிய விசிறியும் உண்டு. ஒரு தாளை ரேடியேட்டர் முகத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா, பறக்கிறதா என்பதில் தெரிந்துவிடும். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவில் முப்பது வருடத்துப் பூச்சியும் டயர் தூளும் அடைந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து மென்மையாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

ஓடும்போதே ஏறினால் முதல் சந்தேகம் உள்ளே சிக்கிய காற்று. இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வண்டி இது. கூலண்ட் பயணம் செய்யும் குழாய்கள் நீளமானவை, மேடு பள்ளம் உள்ளவை. மேட்டில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்தால் ஓட்டம் தடைபடும். கூலண்ட் மாற்றிய ஒரு வாரத்துக்குள் இந்தப் புகார் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு காற்று என்று சொல்லலாம். வெற்றிடப் பம்ப் வைத்து உறிஞ்சி நிரப்புவது சுலபமான வழி. அது இல்லையென்றால் மேலே உள்ள, காற்றை வெளியேற்றும் திருகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, குமிழி நின்று சீராகத் தண்ணீர் வரும்வரை பொறுமையாக நிரப்புங்கள்.

அடுத்தது கூலண்ட் டேங்க் மூடி. சின்னச் சாமான், பெரிய வேலை. தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் கொதிநிலை 120 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். ரப்பர் வளையம் காய்ந்துபோன மூடி அந்த இருபது டிகிரியைச் சத்தமில்லாமல் திருடிவிடும்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் சூடு ஏறினால் பயப்பட வேண்டிய கட்டம். இந்த வி12 பந்தயத்துக்காகப் புதிதாகப் பிறந்ததல்ல. ஜாகுவாரின் சாலைக் கார்களில் பல வருடம் ஓடிய இன்ஜினின் வம்சம். அலுமினியப் பிளாக், அதற்குள் கூலண்டில் நேரடியாக நனையும் இரும்பு லைனர்கள், அதாவது பிஸ்டன் ஓடும் உருளைகள். பழைய கூலண்ட் அரிப்பைத் தடுக்கும் சக்தியை இழந்துவிட்டால் அலுமினியம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஒருமுறை மோசமாகச் சூடேறினால் ஹெட்டில் பதித்த வால்வு சீட்டு தளர்ந்து விழுவதும் இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த வியாதி. கூலண்ட் டேங்கின் வாயில் நீல நிறச் சோதனைத் திரவக் குழாயைப் பொருத்திப் பாருங்கள். திரவம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறது என்று பொருள். அதன் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். இன்ஜினை இறக்குவதும் இங்கே சும்மா இல்லை. இன்ஜினே பின்பக்கக் கூட்டின் ஒரு பகுதியாகச் சுமை தாங்குகிறது. அதைக் கழற்றினால் வண்டியின் பின்பாதியே பிரிந்துபோகும். தாங்குகட்டை, அளவுக்குறிகள், புகைப்படங்கள் எல்லாம் தயாராக இல்லாமல் முதல் போல்ட்டைத் தொடாதீர்கள்.

வேகமெடுக்கும்போது திணறுகிறது

மெதுவாகப் போனால் பட்டுப்போல ஓடுகிறது, மிதித்தால் இருமுகிறது. பெட்ரோல் பற்றாக்குறைதான் முதல் சந்தேகம். வடிகட்டியைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ பிசுபிசுத்த துகள்கள் விழுந்தால் அது டேங்கின் வயிற்றிலிருந்து வந்தது.

பந்தயப் பெட்ரோல் டேங்க் என்பது ரப்பர் பூசிய துணிப் பை. உள்ளே பெட்ரோல் அலையாமலிருக்கக் கடற்பஞ்சு போன்ற நுரை அடைத்திருப்பார்கள். பைக்கும் ஆயுள் உண்டு, நுரைக்கும் உண்டு. பந்தயங்களுக்கான பைகளுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஐந்து வருடம்தான் தருகிறது. சோதித்துச் சான்று கொடுத்தால் இன்னும் இரண்டு. சாலையில் ஓடும் கார் என்பதால் யாரும் தேதி பார்ப்பதில்லை, அதனால் பை பழசாகிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றாலே பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 தான். பழைய ரப்பரையும் நுரையையும் எத்தனால் இளக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். நுரை பொடிந்திருந்தால் வடிகட்டியை மட்டும் மாற்றுவது வீண், அடுத்த வாரம் மறுபடி அடைக்கும். பையையும் நுரையையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம் எத்தனால் குறைந்த பெட்ரோலைத் தேடிப் போடுங்கள்.

பெட்ரோல் அழுத்தம் சரியாக இருந்தும் திணறினால் பிளக், காயில், வயர் என்று போங்கள். பன்னிரண்டு சிலிண்டரில் ஒன்று செத்தால் காலுக்கும் காதுக்கும் சரியாகத் தெரியாது, மற்ற பதினொன்று மூடி மறைத்துவிடும். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் புகைக்குழாயின் சூட்டை அகச்சிவப்பு மானியால் அளந்தால் ஆறிக் கிடப்பது காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: இதில் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. மின்னணு வழியாகத்தான் திறக்கிறது, 1990க்கு அது பெரிய விஷயம். மிதித்த உடனே பதில் வராமல் தயங்கித் தயங்கி வந்தால், பெட்ரோலை விட்டுவிட்டு மிதிப்பானின் சென்சாரைப் பாருங்கள்.

பெட்ரோல் வாடை

உடனே நிறுத்துங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். வி வடிவ இன்ஜினின் நடுப்பள்ளத்தில் சூடு தேங்கும். அங்கே ஓடும் ரப்பர்க் குழாய்கள் கல்லாகி வெடிக்கும். குழாயை வளைத்துப் பார்த்துக் கீறல் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், அந்த ஒன்றை மட்டுமல்ல.

கியர் விழுவதில்லை, உறுமுகிறது

எந்தப் பெட்டி என்று கேட்கச் சொன்னேனே, இதற்குத்தான். இந்தக் காருக்கு ஆறு கியர் பந்தயப் பெட்டி உண்டு, அதில் கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. விரும்பியவர்களுக்கு சிங்க்ரோ உள்ள ஐந்து கியர் பெட்டியும் கொடுத்தார்கள். கியர் கோல் ஓட்டுநரின் வலது கைப்பக்கம் இருக்கிறது, பந்தயக் கார் வழக்கம். வலது பக்க ஸ்டீயரிங்கில் இடது கையால் கியர் போட்டே பழகிய நமக்கு முதல் நாள் கை காற்றைத் தேடும்.

சிங்க்ரோ இல்லாத பெட்டியில் உறுமல் வந்தால் முதலில் ஓட்டுகிறவரைச் சோதியுங்கள். மென்மையாக, பொறுமையாக, பயந்து பயந்து கியர் போட்டால்தான் அது பற்களை உரசும். தயங்காமல் டக்கென்று போட வேண்டும். கீழே இறக்கும்போது நடுவில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்றிக்கொண்டு போட வேண்டும். பெட்டி குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு கைகாரரானாலும் உறுமும். அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போட்ட கியர் தானே கழன்று வந்தால் அது கோளாறு. கியர்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் நாய்ப்பல் முனைகள் தேய்ந்து உருண்டைப்பட்டிருக்கும். பெட்டியைத் திறக்காமலே ஊகிக்க, ஆயிலை வடித்துக் காந்தத் திருகைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு மாதிரி இருந்தால் வயதுக்குரிய தேய்மானம். விரலில் நெருடும் சிம்பு, பல்லின் மூலை போன்ற துண்டு வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள். எல்லா கியரும் விழ மறுத்தால் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வாருங்கள். கோலிலிருந்து பின்னால் போகும் இணைப்புத் தண்டின் மூட்டுகள் தளர்ந்திருக்கும், அல்லது கிளட்ச் முழுசாக விடவில்லை.

1988இல் வென்ற எக்ஸ்ஜேஆர்-9இன் ஓட்டுநர்களில் ஒருவரான யான் லாமர்ஸ், லெ மானின் கடைசிக் கட்டத்தில் கியர்பாக்ஸ் உடைவதை உணர்ந்து, நான்காவது கியரிலேயே வைத்து வண்டியை முடிவுக்கோடு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். வேறு கியருக்கு மாற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவருக்குப் பரிசு லெ மான் கோப்பை. உங்களுக்கு அப்படியொன்றும் காத்திருக்கவில்லை என்பதால் ஒரு கியரில் வைத்து வீடு வரை ஓட்டும் சாகசம் வேண்டாம்.

கிளட்ச் அதிர்கிறது, வண்டி அணைந்துபோகிறது

சுபாவம். பந்தய கிளட்ச்சுக்குப் பாதி நிலை தெரியாது, பிடிக்கும் அல்லது விடும். மேட்டில் பாதி மிதியில் வண்டியை நிறுத்தி வைத்தால் தட்டு நீலமாகிவிடும். மிதியைக் கடைசி வரை அமுக்கியும் முதல் கியர் உறுமினால் மட்டும் கிளட்ச் திரவத்தை மாற்றி, காற்றை எடுத்துப் பாருங்கள்.

சத்தம் தாங்கவில்லை

தாங்காது. நேர்ப்பல் கியர்களும், மெத்தென்ற ரப்பர் இல்லாமல் கூட்டோடு இறுக்கிய இன்ஜினும் உங்கள் காதுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவரோடு பேச ஹெட்ஃபோன் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது சத்தத்தின் அளவை அல்ல, புதிதாக முளைத்த சத்தத்தை.

பிரேக் பிடித்தால் இழுக்கிறது, முன்னால் ‘டக்’ என்கிறது

டயரின் தேதியை முதலில் படியுங்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர். அந்த டயரில் வேறு எதையும் சோதித்துப் பயனில்லை. நிறைய நாள் நின்ற காரில் பிரேக் வட்டுகளில் துரு படிந்து பிஸ்டன்கள் சிக்கியிருக்கும். ஏ.பி. நிறுவனத்தின் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், எஃகு வட்டுகள். பிரித்து ரப்பர் வளையங்களை மாற்றினால் பெரும்பாலும் இழுப்பு போய்விடும்.

‘டக்’ சத்தத்துக்குச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். பந்து மூட்டுகளில் ரப்பர் இல்லாததால் துளி தேய்ந்தாலே சத்தம் போடும். முன்பக்க ஸ்பிரிங்குகள் வண்டியின் குறுக்கே படுத்த நிலையில் இருக்கின்றன. பின்பக்கத்தில் அவை சக்கரத்துக்குள்ளேயே நிற்கின்றன, தரைக்கடியில் காற்று ஓடும் குகைக்கு இடம் விடுவதற்காக. ஆகவே பின்பக்கச் சத்தத்தைத் தேடச் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும்.

மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தும் ‘டக்’ போகவில்லையா? அப்போது சஸ்பென்ஷன் கைகள் கார்பன் கூட்டோடு சேரும் இடங்களைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பனுக்குள் பதித்த அலுமினியத் துண்டுகள்தான் போல்ட்டைப் பிடிக்கின்றன. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி பூக்கும். போல்ட்டைச் சுற்றி மெல்லிய கறுப்புத் தூள் இருந்தால் துண்டு அசைகிறது என்று பொருள். ஒரு நாணயத்தால் கூட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், அடுக்குகள் பிரிந்த இடத்தில் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிப் புகைப்படம் எடுங்கள். பிறகு கார்பன் கூடு பழுதுபார்ப்பவருக்குப் போன் செய்து, ட்ரெய்லரை வரவழையுங்கள். உறுதி செய்துகொள்ள இன்னொரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று உரிமையாளர் சாவியைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.